கடவுச்சொல் காக்காத வட்டு

மடிக்கணினி திருடுபோனால் இழப்பு என்ன என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் விடை பொருளின் விலையோடு நின்றுவிடுகிறது. காவல் நிலையத்தில் எழுதித்தரும் புகாரில் தயாரித்த நிறுவனம், மாதிரி, வரிசை எண், வாங்கிய ஆண்டு ஆகியவை இடம்பெறுகின்றன, பில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், சி.எஸ்.ஆர். ரசீதோ முதல் தகவல் அறிக்கையின் நகலோ கைக்கு வந்துவிட்டால், காப்பீடு எடுத்தவர் அதற்கு விண்ணப்பிப்பதும் எடுக்காதவர் அடுத்த கணினிக்குத் தவணை பார்ப்பதுமாக விவகாரம் முடிந்துபோகிறது. உள்ளே இருந்த கோப்புகள் என்ன ஆயின என்று யாராவது கேட்டால், பாஸ்வேர்டு போட்டிருப்பதால் எவராலும் திறக்க முடியாது என்ற பதில் வருகிறது. அதற்கு மேலும் வற்புறுத்திக் கேட்டால், சாதாரண மனிதனின் கணினியில் அப்படி என்ன ரகசியம் இருக்கப்போகிறது என்ற பதில் வருகிறது. படித்தவர்கள், அலுவலகம் நடத்துகிறவர்கள், பிறருடைய ஆவணங்களை நாள்தோறும் கையாளுகிறவர்கள் என எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் இந்த இரண்டு பதில்களும் தவறானவை. கணினி எப்படி இயங்குகிறது என்பதை அறியாததால் முதல் பதில் பிறக்கிறது. அந்தக் கணினிக்குள் இருப்பவை யாருடைய தகவல்கள் என்பதை எண்ணிப்பார்க்காததால் இரண்டாவது பதில் பிறக்கிறது. அறியாமையைவிட இந்த எண்ணிப்பாராமையே அதிகக் கேடு செய்கிறது.

விண்டோஸ் கணினியைத் திறந்ததும் திரையில் கேட்கப்படும் கடவுச்சொல், இயங்குதளம் என்னும் மென்பொருள் கேட்கும் கேள்வியே தவிர, தகவல் எழுதப்பட்டிருக்கும் வட்டின் மீது போடப்பட்ட பூட்டு அன்று. அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் கேள்வி கேட்கப்படும். அதை ஓடவிடாமலே வட்டைப் படிக்க வழி இருந்தால் கேள்விக்கே இடமில்லை. வழி மிக எளியது. மடிக்கணினியைக் கவிழ்த்துப்போட்டு அடித்தகட்டின் சிறு திருகாணிகளைக் கழற்றினால், பழைய மாதிரிகளில் உள்ளங்கையளவு வன்தட்டும் புதியவற்றில் சூயிங்கம் பட்டை அளவிலான எஸ்எஸ்டி என்னும் திண்மநிலை வட்டும் கைக்கு வந்துவிடும். அவற்றை யூஎஸ்பி துளையில் இணைக்கும் அடாப்டர் சென்னை ரிச்சி தெருவிலும் எந்த ஊர் கணினிக் கடையிலும் கிடைக்கிறது. அதை வேறொரு கணினியில் செருகியதும் திருடுபோன கணினியின் வட்டு இன்னொரு டிரைவ் எழுத்தோடு திரையில் தோன்றும். பயனரின் கோப்புறையைச் சொடுக்கினால், இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டியைக் காட்டும். அதே பெட்டியில் 'தொடர்க' என்ற பொருளில் ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்திவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் அனுமதி தானாக வழங்கப்பட்டு, ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் வரிசையாக விரியும். பழைய கடவுச்சொல் இந்த நடவடிக்கையில் ஓரிடத்திலும் கேட்கப்படுவதில்லை. வட்டைக் கழற்ற இயலாதபடி பலகையோடு பற்றவைக்கப்பட்ட மாதிரியாக இருந்தால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியை இயக்கினாலும் இதே விளைவு கிடைக்கும். வாசற்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கச் சுவரையே எழுப்பாமல் விட்ட வீட்டின் நிலை இது.

கடவுச்சொல்லும் பத்திரமாக இருப்பதில்லை. விண்டோஸ் அதை நேரடியாக எழுதிவைக்காமல், அதிலிருந்து கணக்கிட்டெடுத்த ஒரு சுருக்கெண்ணை மட்டும் வட்டில் வைத்திருக்கிறது. ஆயினும் அந்தக் கணக்கு மிக வேகமாகச் செய்யக்கூடியது என்பதால், விளையாட்டுக்காக வாங்கப்படும் வரைகலை அட்டை ஒன்றே நொடிக்குக் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்த்து ஒப்பிட்டுவிடும். பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து அமைத்த கடவுச்சொல் அந்த வேகத்தின் முன் நிற்பதில்லை. கடவுச்சொல் வெளிப்பட்டதும், உலாவியில் சேமித்துவைத்த மின்னஞ்சல், வங்கி, கடை, பயணச்சீட்டுக் கணக்குகளின் கடவுச்சொற்களும் திறந்துகொள்கின்றன, ஏனெனில் உலாவி அவற்றைப் பயனரின் விண்டோஸ் கடவுச்சொல்லைச் சார்ந்தே பூட்டிவைக்கிறது. ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றியமைக்கும் இணைப்புகள் மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன என்பதால், மின்னஞ்சல் ஒன்று கைமாறினால் மற்றவை பின்தொடர அதிக நேரம் பிடிக்காது.

இது கற்பனையான அச்சம் அன்று. 2012 அக்டோபர் 31 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஊழியர் ஒருவருடைய மடிக்கணினி, பூட்டிய வாகனத்திலிருந்து திருடப்பட்டது. அதில் ஏராளமான ஊழியர்களின் தனிப்பட்ட விவரங்கள் இருந்தன. கணினிக்குக் கடவுச்சொல்லும் இருந்தது. கடவுச்சொல் இருந்ததைக் காட்டி அந்நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி எழுதும் மறையாக்கம் வட்டு முழுவதற்கும் செய்யப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அடையாளத் திருட்டுக்கு ஆளாகக்கூடும் என்று எச்சரித்ததோடு, முக்கியத் தகவல் உள்ள எந்த மடிக்கணினியும் மறையாக்கம் செய்யப்படாமல் வளாகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவிட்டது. விண்கலங்களை ஏவும் நிறுவனமே நம்பத் துணியாத ஒன்றை, வாடிக்கையாளர்களின் வருமான வரிக் கோப்புகளைச் சுமந்து மின்சார ரயிலில் பயணம் செய்கிறவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இனி, மறைக்க ஒன்றுமில்லை என்ற வாதத்துக்கு வரவேண்டும். வாதிடுகிறவர் தம்மை மட்டுமே நினைத்துப் பேசுகிறார் என்பதே இதன் அடிப்படைக் குறை. நடுத்தரக் குடும்பத்தின் மடிக்கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தால், குடும்பத்தில் உள்ள அத்தனை பேரின் ஆதார் அட்டையும், தந்தையின் ஓய்வூதிய ஆணையும், தாயின் மருத்துவ அறிக்கையும், ஊர் நிலத்தின் பட்டாவும், தங்கைக்கு வரன் பார்ப்பதற்காக வந்து சேர்ந்த வேற்றுக் குடும்பங்களின் ஜாதகங்களும் அங்கே கிடக்கும். பிறந்த நாள், நேரம், ஊர், பெற்றோர் பெயர், குலம், ஊதியம், கைப்பேசி எண், நிழற்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தாளில் தாங்கிய ஆவணம் ஜாதகத்தைப்போல் வேறொன்று இல்லை. திருமணத் தகவல் மையம் நடத்துகிறவரின் கணினியில் அத்தகைய தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பள்ளி ஆசிரியரின் கணினியில் மாணவர்களின் ஆதார் எண், சாதி, பெற்றோரின் வருமானம், கைப்பேசி எண் அடங்கிய அட்டவணை இருக்கும். வழக்கறிஞரின் கணினியில் மணமுறிவு மனுக்களும் பிரமாணப் பத்திரங்களும் இருக்கும். ஸ்கேன் மையத்தின் கணினியில் கருவுற்ற பெண்களின் படங்கள் இருக்கும். ஆடிட்டரின் கணினியில் நூற்றுக்கணக்கான பேரின் பான் எண்ணும், வங்கி அறிக்கையும், வருமான வரித் தளத்தின் கடவுச்சொற்களைத் தொகுத்த எக்ஸெல் தாளும் இருக்கும். அந்த மாணவர்களோ, கட்சிக்காரர்களோ, கருவுற்ற பெண்களோ தங்கள் தகவலைப் பற்றி 'அதில் என்ன இருக்கிறது' என்று சொல்லும்படி யாருக்கும் அதிகாரம் எழுதித் தந்ததில்லை. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பொருட்டற்றது என்று மதிப்பிட எவருக்கும் உரிமை இல்லை.

இந்த ஆவணங்களில் பலவற்றுக்குத் தனிக் கடவுச்சொல் இருக்கிறதே என்ற மறுமொழியும் எழுவதுண்டு. ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கும் இ-ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்டுத்தான் திறக்கிறது. ஆனால் அந்தக் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் எழுதி அதோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தால் கிடைப்பது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததற்கான ஒப்புகைக் கோப்போ, பான் எண்ணைச் சிறிய எழுத்தில் எழுதிப் பிறந்த தேதியைச் சேர்த்தால் திறந்துகொள்ளும். இந்தச் சூத்திரங்கள் அந்தந்தத் தளங்களிலேயே வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. மின்னஞ்சல் வழியே தவறான ஆளுக்குக் கோப்பு போய்விட்டால் இவ்வகைக் கடவுச்சொல் ஓரளவு தடுக்கக்கூடும்; திருடுபோன கணினியில் அது எதையும் தடுக்காது, ஏனென்றால் பூட்டிய கோப்புக்குப் பக்கத்திலேயே அதே ஆளின் பயோடேட்டாவும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் பான் அட்டையின் நகலும் இருக்கின்றன. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கும் வசதி இருந்தும், முழு எண் உள்ள கோப்பே பெரும்பாலான கணினிகளில் சேமிக்கப்படுகிறது.

பிறருடைய தகவல் எத்தனை பெரிய அளவில் ஒரே வட்டில் சேர்ந்துவிடக்கூடும் என்பதை 2006ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று காட்டிற்று. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறையில் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவர் வேலை நிமித்தமாக வீட்டுக்குக் கொண்டுசென்றிருந்த மடிக்கணினியும் புற வன்தட்டும், மேரிலாந்து மாநிலத்தில் இருந்த அவருடைய வீட்டில் மே 3 அன்று நடந்த திருட்டில் பறிபோயின. ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை அதில் மறையாக்கம் இல்லாமல் இருந்தன. மக்களுக்கு இது தெரிவிக்கப்பட்டது மே 22 அன்றுதான். ஜூன் மாத இறுதியில் கருவிகள் மீட்கப்பட்டன. கோப்புகள் திறக்கப்பட்டதற்கான தடயம் இல்லை என்று எஃப்.பி.ஐ. நடத்திய தடயவியல் ஆய்வு தெரிவித்தது. கதை நல்லபடியாக முடிந்ததாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. திருடப்பட்ட பொருள் முழுதாகத் திரும்பி வந்த பிறகும், தொடரப்பட்ட வழக்கில் அத்துறை 2009இல் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. யாரும் அந்தத் தகவலைப் பயன்படுத்தியதாக நிறுவப்படாதபோதும் இத்தனை செலவும், கோடிக்கணக்கான குடும்பங்களின் வாரக்கணக்கான கவலையும் விளைந்ததற்குக் காரணம், இடைப்பட்ட காலத்தில் அந்த வட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதே.

மறையாக்கத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களேகூட இந்தக் கூறைப் போதிய அளவு எடுத்துச்சொல்வதில்லை. மறையாக்கம் இல்லாத வட்டைப் படிப்பதும் நகலெடுப்பதும், செய்கிறவர் சற்றுக் கவனமாக இருந்தால், வட்டில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு மடிக்கணினி காவல்துறையால் மீட்கப்பட்டு நீதிமன்றத்தின் வழியாக உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டாலும், கிடைத்துவிட்டது என்ற நிம்மதி பொருளைப் பற்றிய நிம்மதி மட்டுமே. உள்ளிருந்தவை வேறெங்கும் போகவில்லை என்று எந்தக் காவல் அதிகாரியும் சான்று தர இயலாது. மறையாக்கம் செய்யப்பட்டு, அணைக்கப்பட்ட நிலையில் திருடுபோன கணினியைக் குறித்தோ, திறவுகோலும் உடன் போகவில்லை என்றால், அது திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சான்றை உரியவரே தமக்கும் பிறருக்கும் தர இயலும். திருடனைத் தடுப்பதற்கு இணையான பயன், நடந்தது இன்னதென்று ஐயமின்றி அறிந்திருப்பதில் உள்ளது.

மறையாக்கம் என்பது, வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பகுதியையும் ஒரு ரகசிய எண்ணைக்கொண்டு பொருளற்ற குழப்பமாக மாற்றி எழுதுவதும், படிக்கும்போது அதே எண்ணைக்கொண்டு பழைய வடிவுக்கு மீட்பதும் ஆகும். அந்த ரகசிய எண்ணுக்குத் திறவுகோல் என்று பெயர். இதற்கு இன்று பெரும்பாலும் பயன்படும் முறை ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் தாமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் வகுத்த இம்முறையை, பல போட்டி முறைகளை வெளிப்படையாக ஆராய்ந்த பின் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2001இல் அரசுத் தரமாக ஏற்றது. அதன் செயல்முறை முழுவதும் அச்சில் இருக்கிறது. அதை அறிந்திருப்பதால் எவருக்கும் ஆதாயமில்லை, திறவுகோல் ஒன்றே தேவை. 128 பிட் நீளமுள்ள திறவுகோலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்றுள்ள கணினிகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் நடவாதது. பயனர் தட்டச்சு செய்யும் சொற்றொடர் இந்தத் திறவுகோல் ஆகாது; திறவுகோலைப் பொதிந்து வைத்திருக்கும் உறையை அவிழ்ப்பதற்கே அது பயன்படுகிறது என்பதால், சொற்றொடரை எத்தனை முறை மாற்றினாலும் வட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பெயரில் விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்தும், மேக் கணினிகளில் ஃபைல்வால்ட் என்ற பெயரில், முழு வட்டுக்கும் உரியதாக, 2011இலிருந்தும், லினக்ஸில் லக்ஸ் என்ற பெயரில் அதற்கும் முன்பிருந்தும் இது கிடைத்துவருகிறது. கணினி மந்தமாகிவிடும் என்ற பழைய குறைக்கும் இன்று பெரும்பாலும் அடிப்படை இல்லை. ஏஇஎஸ் கணக்கைச் செய்வதற்கென்றே தனிக் கட்டளைகளை இன்டெல் 2010 முதல் தன் செயலிகளில் சேர்க்கத் தொடங்கியது. இன்று விற்கப்படும் மடிக்கணினிகளில் அவ்வசதி இயல்பாக இருக்கிறது.

எதிர்வாதங்களில் மதிப்புக்குரியது ஒன்றே ஒன்று. கடவுச்சொல்லை மறந்துவிட்டால், அல்லது கணினி பழுதானால், உரியவருக்கே தகவல் கிடைக்காமல் போகுமே என்பது அது. இந்த அச்சம் நியாயமானது. பழுதுபார்க்கும் கடைகளில் இதன் விளைவை நேரில் காணலாம். அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகோ தாய்ப்பலகையை மாற்றிய பிறகோ, கணினி நீலத் திரையில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டு நின்றுவிடுகிறது. அப்படி ஒன்று இருப்பதே உரியவருக்கு அதுவரை தெரியாது. கடைக்காரர் வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதோடு போகின்றன. இத்தகைய இழப்புக்கு ஆளானவர் மறையாக்கத்தையே வெறுப்பதில் வியப்பில்லை. ஆனால் அவருக்கு நேர்ந்ததை ஆராய்ந்தால், குறை இருப்பது வேறு இரண்டு இடங்களில் என்பது தெரியும். மீட்புத் திறவுகோல் எங்கே இருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. படங்களுக்குக் காப்புப்படி, அதாவது வேறொரு வட்டில் தனியாக எடுத்துவைத்த நகல், இல்லை. காப்புப்படி இல்லாதவருக்கு மறையாக்கம் இல்லாவிட்டாலும் வட்டு பழுதான அன்று இதே இழப்பு நேர்ந்திருக்கும். கணினி திருடுபோன அன்றும் நேர்ந்திருக்கும். திருட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது: மறையாக்கம் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும், உரியவருக்குத் திரும்பக் கொடுக்காது, அதைச் செய்வது காப்புப்படி மட்டுமே. புற வன்தட்டில் எடுத்த காப்புப்படியையும் மறையாக்கம் செய்ய வேண்டும், மடிக்கணினி வைக்கும் பையிலேயே அதை வைக்கவும் கூடாது. அமெரிக்கப் படைவீரர் நலத் துறை நிகழ்வில் மடிக்கணினியோடு சேர்ந்து போனது புற வன்தட்டும்தான். 48 இலக்கங்களைத் தாளில் எழுதி, நிலப் பத்திரங்களும் நகைச்சீட்டும் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால் இந்த அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். பத்திரத்தைப் பீரோவில் வைத்துக் காப்பாற்றத் தெரிந்த சமூகத்துக்கு இது புதிய பழக்கம் ஆகாது.

புதிய கணினிகள் தாமாகவே மறையாக்கம் செய்துவிடுகின்றன, இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்று, அரைகுறையாக அறிந்தவர்களிடமிருந்து வருவதால், அறியாதவர்களின் நம்பிக்கையைவிட ஆபத்தானது. விண்டோஸின் ஹோம் பதிப்பில் சாதன மறையாக்கம் என்ற வசதி உண்டு. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்து, மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில் சேர்ந்த பிறகே முழுமை பெறும். கடைக்காரர் உள்ளூர்க் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிட்டால், வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் திறவுகோல் காப்பின்றி அதே வட்டில் கிடக்கும். அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பார்த்தால், மறையாக்கத்தை முடிக்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள் என்ற அறிவிப்பு மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஆப்பிளின் அண்மைக்கால மேக் கணினிகளில் வட்டு எப்போதும் மறையாக்கத்தில்தான் இருக்கிறது. ஆயினும் ஃபைல்வால்ட்டை இயக்காதவரை, திறவுகோல் பயனரின் கடவுச்சொல்லோடு பிணைக்கப்படுவதில்லை. எனவே 'இருக்கிறது' என்று கேள்விப்படுவது போதாது. தம் கணினியில் அது முடிந்த நிலையில் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும்.

கணினியை மூடிப் பைக்குள் வைக்கும் பழக்கமும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. மூடியதும் கணினி பெரும்பாலும் அணைவதில்லை, உறங்குகிறது. உறங்கும் கணினியின் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் திறவுகோல் இருந்துகொண்டே இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அந்த நினைவகத்தின் உள்ளடக்கம் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள்வரை நிலைக்கிறது என்பதையும், குளிரூட்டினால் இன்னும் நீடிக்கிறது என்பதையும், அதிலிருந்து திறவுகோலை எடுத்துவிட முடியும் என்பதையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2008இலேயே செய்து காட்டினர். கடவுச்சொல் கேட்காமலே தாய்ப்பலகையிலுள்ள டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லிலிருந்து திறவுகோலை எடுத்துத் திறந்துகொள்ளும் பிட்லாக்கர் அமைப்பிலும் பலவீனம் உண்டு. அந்தச் சில்லுக்கும் செயலிக்கும் இடையே ஓடும் மின்குறிகளைப் பத்து டாலருக்கும் குறைவான சிறு மின்பலகையால் ஒட்டுக்கேட்டு, பழைய மடிக்கணினி ஒன்றை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டிய செய்முறை 2024இல் வெளிவந்தது. பேருந்து நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இத்தகைய வேலையில் இறங்குவான் என்று சொல்வதற்கில்லை. எனினும் பிறருடைய ரகசியங்களைத் தொழில்முறையில் காப்பவர்கள், பயணத்துக்கு முன் கணினியை முழுமையாக அணைப்பதையும், புரோ பதிப்பில் கிடைக்கும், தொடக்கத்திலேயே தனி எண் கேட்கும் ஏற்பாட்டையும் மிகையான எச்சரிக்கை என்று தள்ளக்கூடாது.

திருட்டுக்குப் பிறகு எதையாவது செய்து சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளை, கணினி இணையத்தோடு இணைந்தால் மட்டுமே அதை எட்டும். கழற்றி எடுத்த வட்டை அது ஒருபோதும் எட்டாது. கைப்பேசியை ஐஎம்இஐ எண்ணைக்கொண்டு முடக்குவதற்கு இந்திய அரசு நடத்தும் சிஇஐஆர் ஏற்பாட்டைப் போன்றது மடிக்கணினிகளுக்கு இல்லை. முக்கியக் கோப்புகளை முன்பே அழித்துவிட்டதாகச் சொல்வதிலும் உறுதி இல்லை. அழித்த கோப்பு வன்தட்டில் வேறொன்றால் மேலெழுதப்படும்வரை மீட்கத்தக்கதாக இருக்கும், எஸ்எஸ்டியிலோ எந்தப் பகுதி எப்போது உண்மையாக அழிகிறது என்பதைப் பயனர் தீர்மானிக்க முடியாது. கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுவதும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுப்பதும், ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டுவதும் உடனே செய்ய வேண்டியவையே. ஆயினும் அவை இனி நடக்கக்கூடியதைத் தடுப்பவை, வட்டில் இருந்ததைத் திரும்பப் பெறுபவை அல்ல. என்ன இருந்தது என்பதே நினைவில் இல்லாதபோது இந்த வேலையும் நடப்பதில்லை. பிரிட்டனின் நேஷன்வைடு வீட்டுக்கடன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து 2006இல் மடிக்கணினி திருடுபோனபோது, அதில் வாடிக்கையாளர் தகவல் இருந்ததை அறியாமல் மூன்று வாரங்கள்வரை அந்நிறுவனம் விசாரணையைத் தொடங்கவே இல்லை. நிதிச் சேவை ஒழுங்காணையம் அதற்கு 2007இல் 9 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது.

இவ்வளவுக்கும் பிறகு, மறையாக்கம் அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்று விட்டுவிடுவதே பக்குவமான நிலைப்பாடு என்று சிலர் கருதுகின்றனர். தம் கணினியில் தம் கவிதைகளை மட்டும் வைத்திருப்பவருக்கு அது பொருந்தலாம். சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. 2023இல் இயற்றப்பட்ட இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுக்குப் பொருந்தாது. தொழிலுக்காகப் பிறர் தரவைக் கையாளுகிறவர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. 2025 நவம்பரில் வெளியிடப்பட்ட விதிகள், அந்த ஏற்பாடுகளுள் ஒன்றாக மறையாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அமெரிக்காவின் மருத்துவத் தகவல் சட்டம் 2009 முதல் இன்னும் தெளிவான பாதையில் செல்கிறது: உரிய தரத்தில் மறையாக்கம் செய்யப்பட்ட கணினி திருடுபோனால், திறவுகோல் உடன் போகாதவரை, நோயாளிகளுக்குக் கசிவு அறிவிப்பு அனுப்பும் கடமையே எழுவதில்லை. அதே கணினி மறையாக்கம் இல்லாமல் போனால் ஒவ்வொரு நோயாளிக்கும் கடிதம் எழுத வேண்டும். தண்டத்தைவிட இத்தகைய விதியே அலுவலகங்களை விரைவாகத் திருத்தக்கூடியது. அதை இந்தியச் சட்டமும் வெளிப்படையாக ஏற்பது நல்லது.

ஆனால் அத்தகைய விதி வரும்வரை காத்திருப்பதற்கும், பொறுப்பைத் தனி ஊழியரின் கவனத்தின் மேல் சுமத்துவதற்கும் நியாயமில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாநகர மன்றத்துக்கு 2013இல் 1,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்ட நிகழ்வில், அலுவலகத்திலிருந்து இரண்டு மடிக்கணினிகள் திருடுபோயிருந்தன; அவற்றுள் ஒன்று இழுப்பறையில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தது; அந்தப் பூட்டின் சாவி இரண்டாவது கணினி இருந்த இழுப்பறையில் வைக்கப்பட்டிருந்தது; இரண்டாவது இழுப்பறையோ இரவில் பூட்டப்படாமல் விடப்பட்டது. இரண்டு கணினிகளிலும் மறையாக்கம் இல்லை. 20,143 பேரின் தகவல்கள் அவற்றோடு போயின. பூட்டியவரைக் கவனமற்றவர் என்று சொல்ல இயலாது, அவர் பூட்டத்தான் செய்தார். மாலையில் வேலை முடித்துக் களைத்துப் போகிற எந்த மனிதருக்கும் என்றாவது ஒருநாள் நேரக்கூடிய மறதி இது. அந்த ஒருநாளில் இருபதாயிரம் பேரின் தகவல் போகும்படி கணினிகளைக் கொடுத்திருந்ததே நிர்வாகத்தின் குற்றம். தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்களும், பல்கலைக்கழகங்களும், மருத்துவமனைகளும், கூட்டுறவு வங்கிகளும் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் ரேம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்றெல்லாம் எழுதுகின்றன. வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்ட பிறகே கணினி பயனரிடம் ஒப்படைக்கப்படும், அதன் மீட்புத் திறவுகோல் இன்ன அலுவலரின் பொறுப்பில் பதிவேட்டில் இருக்கும் என்ற இரண்டு வரிகளைச் சேர்ப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடோ புதிய கருவியோ தேவையில்லை. வேண்டிய மென்பொருள் வாங்கும் கணினியிலேயே இருக்கிறது.